பயிலரங்கு முடிந்ததும் எல்லாரும் பழையபடி ஆகிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

சாக்பீஸ்தூசி:
எங்கள் கல்லூரியில் சக ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் உதவும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லா மாணவரையும் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்துவது பற்றி ஒருநாள் பயிலரங்கு வைத்தேன். வந்தார்கள், தலையாட்டினார்கள், மறுநாள் அதே எண்பது ஸ்லைடு, பதில் சொல்வதும் அதே முன்வரிசை நாலு பேர். பாதிப் பேர் எனக்கு சீனியர் வேறு. எங்கே தொடங்குவது?

மூன்றாம்மாடி:
பயிலரங்கை விடுங்க. ஒருவரிடம் கேட்டுக்கொண்டு அவர் வகுப்பில் பின்னால் போய் உட்காருங்கள், மதிப்பெண் போட வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு. கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி பொறுக்கிறார் என்பதை மட்டும் குறியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் இதை ஆராய்ந்தபோது ஆசிரியர்கள் பொறுத்தது சுமார் 1 விநாடிதான். அதை 3 ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். என் வகுப்பை ஒருவர் இப்படிக் குறித்துக் கொடுத்தார். 11 கேள்வி கேட்டிருக்கிறேன், 9-க்கு நானே பதிலும் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

பழையவாத்தியார்:
என் வகுப்பில் 120 பேர். எல்லாரையும் பேசவிட்டால் சிலபஸை யார் முடிப்பது?

கடைசிபெஞ்ச்:
ஐயா, எரிக் மசூர் என்ற பேராசிரியர் 1991-இல் ஹார்வர்டில் இயற்பியல் பாடத்தில் இப்படிப் பேசவிட்டதும் பெரிய வகுப்பில்தான். ஒரு கேள்வி, தனித்தனியாக ஓட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி ஓட்டு. கூட்டத்தில் கைதூக்கக் கூசும் பிள்ளைகூடப் பக்கத்துப் பையனிடம் பேசிவிடும். 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014 கட்டுரையில், அறிவியல், கணித வகுப்புகளில் வெறும் விரிவுரைக்குத் தோல்வி விகிதம் சுமார் 34%, மாணவர்களைச் செய்யவைத்த வகுப்புகளில் சுமார் 22%. ஆனால் ஒன்று, ஆரம்பத்தில் மாணவர்களே 'சார் நடத்தவே மாட்டேங்கிறார்' என்பார்கள். அதை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவார்கள்.

அப்புறம் மைக். 'என் குரலே போதும், கேக்குதா?' என்று கேட்டால் எல்லாரும் கேக்குதுன்னுதான் சொல்வார்கள். காது மந்தமான பிள்ளை எழுந்து நின்று இல்லை என்று சொல்லுமா என்ன? அப்படிக் கேள்வி கேட்காமலே மைக்கை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்லைடை முந்தினநாளே அனுப்பச் சொல்லுங்கள்.

சாக்பீஸ்தூசி:
சரி, முதலில் என் வகுப்பிலேயே எண்ணிப் பார்க்கிறேன். துறையிலேயே கறாரான சீனியர் ஒருவரைத்தான் வந்து எண்ணித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறாராம்.