மும்பையில் 2 நாள்: பை வைக்க, தங்க வழி சொல்லுங்க

வணக்கம். ஜனவரியில் 3 பேர் மும்பை போகிறோம். தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய்தான்.

செவ்வாய் காலை சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம்) வந்து, நடந்தே கேட்வே ஆஃப் இந்தியா போய் எலிஃபெண்டா குகைத் தீவுக்குப் படகு. (திங்கள் குகைக்கு விடுமுறை, அதனால்தான் செவ்வாய்.) மேலே ஏற 120 படி இருப்பதால் பெரிய பையோடு போக முடியாது. ரயில் நிலையத்தில் பை வைக்கும் கிளோக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள். காலையில் அங்கே வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும்? கேட்வே பக்கம் நம்பி வைக்க வேறு இடம் உண்டா?

மாலை மரைன் டிரைவ் வழியே கிர்காவ் சௌபாத்தி வரை நடை.

புதன் ஜுஹு கடற்கரை. சர்ச்கேட்டில் ஸ்லோ லோக்கல் (எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயில்) ஏறி விலே பார்லேயில் இறங்குவோம். ஃபாஸ்ட் அங்கே நிற்காது. விரார் வரை போகும் ஃபாஸ்டில் தெரியாமல் ஏறினால், கூட்டத்தில் அடுத்த நிலையமான அந்தேரியில் இறங்குவதே பெரும்பாடு. காலையில் கூட்டம் சர்ச்கேட் நோக்கி வரும், நாங்கள் எதிர்த்திசை என்பதால் பையோடு ஏறலாம் என்று கணக்கு. சரிதானா?

முக்கியமான கேள்வி: டார்மிட்டரி படுக்கை கோட்டைப் பகுதியில் (ஃபோர்ட், சிஎஸ்எம்டி பக்கம்) எடுப்பதா, அந்தேரியிலா? பூட்டு போடும் லாக்கர் கட்டாயம் வேண்டும். சமீபத்தில் தங்கியவர்கள் வாடகையோடு சொன்னால் பெரிய உதவி.