காப்பீட்டுப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் கட்டிய பணம் திரும்பக் கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அக்கா, தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் தலைமைக் காவலர். 2024 ஏப்ரலில் அவர் தேர்தல் பந்தோபஸ்துக்கு வெளிமாவட்டம் போயிருந்தபோது, ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் மகள் வயிற்று வலியால் துடித்தாள். குடல்வால் அழற்சி, உடனே அறுவை சிகிச்சை செய்யணும் என்றார்கள். பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத்தான் ஓடினேன். அது காப்பீட்டுப் பட்டியலில் இல்லை என்பது காலையில்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் யார் பட்டியலைப் பார்ப்பார்கள்? நகையை அடகு வைத்து 68,000 ரூபாய் கட்டினேன்.

அரசு ஊழியர் நலவாழ்வுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். அப்போது நாலு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு, பிள்ளைகளும் சேர்த்தி என்று இருந்தது. ஆனால் நாங்கள் கொடுத்த மனு திரும்பத் திரும்ப ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்றே வருகிறது. அவருக்கு லீவு கிடைப்பதில்லை, நான்தான் அலைகிறேன்.

அவசர சிகிச்சை என்று காட்ட டாக்டரிடம் என்ன சான்று வாங்கினீர்கள்? அசல் பில்லை மருந்துக் கடை ரசீதோடு சேர்த்துக் கொடுக்கணுமா? காப்பீட்டு மனுக்களைப் பார்க்கும் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு எழுதியவர்கள் இருந்தால், எழுதிய விதத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இப்போது அவருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாற்றியவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.