ஆள் மாறிப் போட்ட இன்சுலின், கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

நைட் டியூட்டி நர்ஸ்:

வணக்கம். சின்ன தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், பி.எஸ்சி. நர்சிங் முடித்து இரண்டாவது வருடம். மூன்று நாள் முன்பு நைட் டியூட்டியில் 22 நோயாளிகளுக்கு நானும் இன்னொரு பெண்ணும் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு ஒரு சர்க்கரை நோயாளிக்குப் போட வேண்டிய 10 யூனிட் பிளெய்ன் இன்சுலினைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், இனிஷியல் மட்டும் வேறு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தூக்கக் கலக்கத்தில் அவர் "ஆமாம்மா" என்றார், கையில் கட்டியிருந்த பட்டையை நான் பார்க்கவில்லை.

ஏழரை மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டிப் பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 46, ஆபத்தான அளவுக்குக் குறைவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே டியூட்டி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன், 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) ஏற்றினோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, "இன்சுலின்னு எங்கேயும் எழுதாதே, சர்க்கரை குறைஞ்சது, டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம், அவ்வளவுதான்" என்றார். பயத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பெரிய டாக்டர், சர்க்கரை நோயே இல்லாதவருக்கு ஏன் இப்படிக் குறைந்தது என்று ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதியிருக்கிறார். பெரிய டாக்டருக்கு உண்மையை யாரும் சொல்லவில்லை. அந்த நோயாளியின் மனைவி என்னிடமே வந்து, "எதுக்கும்மா ஸ்கேன், இவருக்கு வயித்துல என்ன?" என்று கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸில் இருக்கின்றன. வெளியில் சொன்னால் வேலை போகும், போலீஸ் கேஸ் வரும் என்கிறார்கள். சட்டப்படி என் பொறுப்பு என்ன?

ஓய்வு பெற்ற சிஸ்டர்:

பாப்பா, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த இன்சுலின் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமோ அவர் என்ன ஆனார்? அவருடைய டிரக் சார்ட்டில் ஆறு மணிக்குக் 'கொடுத்தாச்சு' என்று டிக் இருக்கும், உடம்பில் மருந்து இல்லை. அன்றைக்கு அவர் சர்க்கரை ஏறியிருக்கும், அதைப் பார்க்கிற டாக்டர் "10 யூனிட் போட்டும் குறையவில்லையே" என்று அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவை நாளை நீங்கள் சரியாகவே போடுவீர்கள், அவருக்கும் சர்க்கரை 46க்கு இறங்கும். இப்போதே போய் அந்தச் சார்ட்டைப் பார்.

நான் 31 வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவள். தப்பு நடக்காத வார்டை நான் பார்த்ததில்லை. இன்சுலின், பொட்டாசியம், ஹெப்பரின் மாதிரி, தப்பினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளுக்கு இரண்டு நர்ஸ் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதே, ஒருத்தி களைத்திருந்தால் இன்னொருத்தி கண்ணில் படட்டும் என்றுதான். 22 பேருக்கு இரண்டு பேர் என்றால் அதற்கு எங்கே நேரம்? அது நிர்வாகத்தின் தப்பு. ஆனால் பட்டையைப் பார்க்காதது உன் தப்பு. இரண்டையும் கலக்காதே.

எழுதினதை அடிக்காதே, ஒயிட்னர் வைக்காதே, பக்கத்தைக் கிழிக்காதே. அடுத்த காலி இடத்தில் இன்றைய தேதியும் இப்போதைய நேரமும் போட்டு, 'தாமதப் பதிவு' என்று எழுதி, எத்தனை மணிக்கு என்ன மருந்து எவ்வளவு எப்படிப் போட்டாய், என்ன அறிகுறி, எத்தனை மணிக்கு எந்த டாக்டருக்குச் சொன்னாய், இதை மட்டும் எழுது. யார் மறைக்கச் சொன்னார்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டாம், அது நோயாளியின் ஏடு. நர்சிங் சூப்பரின்டெண்டெண்டுக்குத் தனிக் கடிதமாகக் கொடு. ஆனால் எழுதுவதற்கு முன்னாலேயே பெரிய டாக்டரிடம் வாயால் சொல், ஸ்கேன் எடுப்பதற்குள்.

முன்னாள் டியூட்டி டாக்டர்:

மேலே சிஸ்டர் சொன்னதில் பதிவு விஷயம் முழுக்கச் சரி. ஆனால் குடும்பத்திடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். ஒரு இரவு உறவினர்கள் கூட்டமாக வந்து ஐ.சி.யூ. கண்ணாடியை உடைத்ததை நேரில் பார்த்தவன் நான். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் அந்த நிமிடத்தில் சட்டம் வந்து குறுக்கே நிற்காது. சிகிச்சை அளிக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் நிற்கலாம். அந்த டியூட்டி டாக்டர் மேல்தான் எனக்குக் கோபம். அன்று காலை ரவுண்ட்ஸிலேயே அவர் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது வருட நர்ஸின் தலையில் இதை விட்டுவிட்டுப் போனது சரியே இல்லை.

வழக்கறிஞர்:

சிஸ்டர், நீங்கள் கட்டில் எண்ணும் ஊரும் எழுதாதது நல்லது, இனியும் எழுதாதீர்கள். நோயாளியின் ரகசியம் காப்பது உங்கள் கடமை, இங்கேயும்தான்.

போலீஸ் கேஸ் பயம் பற்றி: கவனக்குறைவால் மரணம் என்பது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு. அந்தக் குறைந்த தண்டனை மருத்துவருக்கு மட்டும்தான், நர்ஸுக்குச் சொல்லப்படவில்லை. இது எத்தனை நர்ஸுகளுக்குத் தெரியும் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அவர் பிழைத்துவிட்டார், அந்தப் பிரிவு வராது. ஆனால் தெரிந்தே பொய்யாக எழுதிய பதிவு வேறு விதமான சிக்கல். தவறி நடந்ததைக் கவனக்குறைவு என்று வாதாடலாம், மறைத்ததை அப்படி வாதாட முடியாது. கையெழுத்து உங்களுடையது, இன்சார்ஜ் சிஸ்டருடையது இல்லை.

1998ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைப் படியுங்கள். டைபாய்டுக்காகச் சேர்த்த குழந்தைக்கு, டாக்டர் எழுதிய மருந்தை விட்டு வேறு ஊசியை நர்ஸ் ரத்தக் குழாயில் போட்டுவிட, இதயம் நின்று, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சம். நர்ஸ் செய்த தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றானது. அதனால்தான் உங்கள் நிர்வாகம் பயப்படுகிறது, அந்தப் பயத்தை உங்கள் பயமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். நோயாளி தரப்பு கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளே சொல்கின்றன. ஆகவே அந்தக் கேஸ் ஷீட் வெளியே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சான்றிதழ்: திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் நகலில், பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள். அவை உங்கள் சொத்து.

நோயாளி வீட்டுக்காரன்:

நான் மருத்துவத் துறை இல்லை. என் அம்மாவுக்கு ஏழு வருடம் முன்பு ஒரு மருத்துவமனையில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் என்ன ஊசி என்று கடைசிவரை சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு வரி இல்லை. இன்றுவரை எந்த டாக்டரிடம் போனாலும் "எந்த மருந்து ஒத்துக்காது?" என்பதுதான் முதல் கேள்வி, எங்களிடம் பதில் இல்லை. போன மாதம் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கே மருந்து எழுத மூன்று டாக்டர்கள் தயங்கினார்கள். அன்றைக்கு ஒரு நர்ஸ் ஒரு பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். யார் மேலும் கேஸ் போட்டிருக்க மாட்டோம். தயவுசெய்து சொல்லிவிடுங்கள் சிஸ்டர்.

நைட் டியூட்டி நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது நடந்தே இருந்தது. அந்தச் சர்க்கரை நோயாளிக்கு 14 யூனிட்டாகக் கூட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, வேறு எதையும் யோசிக்கவில்லை, நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஸ்கேனை ரத்து செய்தார், இன்சுலினைப் பழைய அளவுக்கே மாற்றினார், தாமதப் பதிவை நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

குடும்பத்திடம் அவரே சொன்னார், நானும் நின்றேன். அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பரிசோதனைக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டார். பில்லிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை, தினமும் போய்க் கேட்கிறேன். இன்சார்ஜ் சிஸ்டர் என்னிடம் பேசுவதில்லை. என்னை ஓ.பி.க்கு மாற்றிவிட்டார்கள். சான்றிதழ் கேட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், நாளை காலை இரண்டு நகலோடு ஆபீஸுக்குப் போகிறேன்.