சுண்டெலிக்கு டெலோமியர் நீளம், ஆயுள் மட்டும் ஏன் குட்டை?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மனித செல் சுமார் 50 தடவை பிரிந்ததும் நின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் டெலோமியர், அதாவது குரோமோசோம் நுனியில் இருக்கும் டிஎன்ஏ தொப்பி, தேய்வதுதான் காரணம் என்று சொல்லி முடித்தேன். "அப்போ டெலோமியர் நீளமா இருக்கிற விலங்கு ரொம்ப நாள் வாழுமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். தேடிப் பார்த்தால் ஆய்வகச் சுண்டெலிக்கு டெலோமியர் நம்மைவிடப் பல மடங்கு நீளம், ஆனால் வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். அவளுக்கு என்ன சொல்ல?

பதில் 1: அருமையான கேள்வி, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். 1961-ல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்ற விஞ்ஞானிகள் கண்டது கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த செல்லின் எல்லை, அதை அப்படியே ஆயுள் கணக்காக எடுக்கக் கூடாது. வயதானவர்களிடமிருந்து எடுத்த தோல் செல்லும் பாத்திரத்தில் இன்னும் பல தடவை பிரியும். நரம்பு செல் பெரும்பாலும் பிரிவதே இல்லை, ஆனாலும் மூப்படைகிறது. சுண்டெலி செல் பாத்திரத்தில் சீக்கிரம் நிற்பதற்கும் டெலோமியர் காரணமில்லை. காற்றில் உள்ள 20 சதவீத ஆக்சிஜன் அதற்குத் தாங்காது. 3 சதவீதத்தில் வைத்தால் பிரிந்துகொண்டே போகிறது, 2003-ல் காட்டினார்கள்.

பதில் 2: இதில் உடல் அளவைத்தான் முதலில் பார்க்கணும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்புனோவா, செலுவானோவ் என்ற ஆய்வாளர்கள் எலி, அணில் போன்ற 15 வகைக் கொறிவிலங்குகளை ஒப்பிட்டார்கள். டெலோமியரை மறுபடி நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதி, உடல் பெருக்கப் பெருக்க அடங்கிப்போகிறது, ஆயுளோடு அதற்குப் பொருத்தமே இல்லை. அரைக் கிலோ சாம்பல் அணில் 20 வருடத்துக்கு மேல் வாழ்ந்ததுண்டு, அதற்கு டெலோமரேஸ் வேலை செய்கிறது. 50 கிலோ கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு அவ்வளவு நாள் வாழ்வதில்லை, அதற்கோ அடங்கியிருக்கிறது. செல் அதிகமானால் ஏதாவது ஒன்று புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் அதிகம், அதனால் பெரிய உடம்புக்கு, டெலோமரேஸ் அடங்கியதால் வரும் இந்தப் பிரிவு எல்லை ஒரு பிரேக்.

கேள்வி கேட்டவர்: அப்போ யானைக்கு இந்த பிரேக் மட்டும் போதுமா?

பதில் 2: போதாது போலிருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணு நமக்கு ஒரு ஜோடி, யானைக்கு 20 ஜோடி. டிஎன்ஏ சேதமான செல்லை அது சட்டென்று சாகடித்துவிடும்.

பதில் 1: ஆயுளோடு ஒத்துப்போவது டெலோமியரின் நீளமல்ல, அது தேயும் வேகம். 2019-ல் ஸ்பெயினில் அளந்தபோது மனிதனுக்கு வருடத்துக்குச் சுமார் 70 டிஎன்ஏ எழுத்து, சுண்டெலிக்குச் சுமார் 7,000. அவளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் ஒத்துப்போவது வேறு, காரணம் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.