சில்லு வெளியே தொங்கிய விமானம்

கல்லடியிலிருந்து:

1:72 அளவில், அதாவது உண்மையானதில் 72 இல் ஒரு பங்காக, உள்ளங்கைக்குள் அடங்கும் மாதிரி விமானங்களைச் செய்துகொண்டிருந்த காலத்தில் என் மேசைப் பக்கம் வந்தவர்கள் "வடிவா இருக்கு" என்று சொல்லித் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். 1:32 அளவுக்கு மாறிய பின்னர் அந்த நிம்மதி போய்விட்டது. சிறகு ஒரு முழத்துக்குக் கிட்ட விரிந்து நிற்கும்போது பார்ப்பவர்கள் குனிகிறார்கள், விமானியின் இருக்கைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், பிழை பிடிக்கிறார்கள். எனக்குப் பயன்பட்ட திருத்தங்களில் பெரும்பாலானவை விமானத்தைப் பற்றி ஒரு வரியும் படிக்காதவர்களிடமிருந்தே வந்தன. அப்படியான சந்திப்பொன்றை முதலில் நானே எழுதிவைக்கிறேன்; மற்றவர்களும் தங்களுடையதை எழுத வேண்டும்.

2017 இன் மாரி முழுவதையும் தாமியா நிறுவனம் பாகங்களாகப் பெட்டியில் விற்கும் 1:32 அளவு ஸீரோ என்னும் ஜப்பானியப் போர் விமானத்தில் செலவிட்டேன். உண்மை விமானத்தின் சிறகு விரிவு 12 மீற்றர். மாதிரியில் அது முப்பத்தேழரை சென்ரிமீற்றர். பாரத்தைக் குறைப்பதற்காக இருக்கைத் தகட்டில் இடப்பட்டிருந்த வட்டத் துளைகளை ஒவ்வொன்றாகச் சுத்தப்படுத்தினேன். இருக்கைப் பட்டிகளைப் பால்மாப் பொதியின் உட்தாளில் வெட்டி, மடிப்பு விழும்படி வளைத்து ஒட்டினேன். அந்தப் பெட்டியின் பெருமையே மடிந்து விரியும் சக்கரக் கால்கள்தான். உடன் வரும் சிறு கருவியைச் செருகித் திருப்பினால் கால்கள் மெல்ல உள்ளே மடிந்து சிறகோடு சிறகாக மறைந்துவிடும்.

மறுவருடம் உறவுப் பிள்ளையொன்று படிக்கும் பாடசாலையின் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோய், "1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்திய விமானம்" என்று ஓர் அட்டையும் எழுதி வைத்தேன். சக்கரம் மடிவதைப் பார்க்கச் சிறுவர்கள் வரிசையில் நின்றார்கள், நானும் சலிக்காமல் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், நாவலடியில் பிறந்து வளர்ந்தவர், அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மனே, இது அந்தப் பிளேன் இல்ல. அதுக்குச் சில்லு வெளியில தொங்கினது. சில்லுக்குச் சப்பாத்துப் போட்ட மாதிரி ஒரு மூடியும் இருந்தது."

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கரம் வெளியே வருவது வழக்கம் என்றும், அந்த நேரத்தில் அவர் கண்டிருக்கக்கூடும் என்றும் மிகுந்த பணிவோடு விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நான் பார்க்கக்குள்ள அது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. கடலுக்கு மேல சுத்திக்கொண்டு நின்றது" என்றார். அவருக்கு அப்போது எட்டு வயது.

அன்றிரவு புத்தகங்களை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஹெர்மிஸின் மேல் குண்டு போட்டவை ஐச்சி டி3ஏ என்னும் பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள். நேச நாட்டவர் அவற்றுக்கு வால் (Val) என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவை வந்தன. ஸீரோ துணைக்கு மட்டும் வந்தது, அதுவும் சொற்ப எண்ணிக்கையில். வால் விமானத்தின் சக்கரங்கள் மடிவதே இல்லை. கால்கள் நிலையாகக் கீழே நிற்க, சக்கரத்தைச் சுற்றி நீர்த்துளி வடிவில் ஒரு கவசம் இருக்கும். சப்பாத்து என்பதைவிடச் சரியான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. 307 பேர் இறந்த ஒரு சம்பவத்துக்கு, அதுவும் எங்கள் கரையிலிருந்து சில மைல் தூரத்தில் ஐம்பது மீற்றருக்கும் கீழே இன்னும் கிடக்கும் ஒரு கப்பலுக்கு, பிழையான விமானத்தைக் காட்டிச் சக்கரத்தை மடித்து வித்தை காட்டியிருக்கிறேன். மறுநாள் காலை கண்காட்சி தொடங்கும் முன்னர் அட்டையை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

மருதமுனையிலிருந்து:

கல்லடி அண்ணனுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்று எனக்கு என் வீட்டுக்குள்ளேயே நேர்ந்தது. திருகோணமலை சீனன்குடாவில் நின்ற பிரித்தானிய விமானப்படையின் 261 ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் போர் விமானம் ஒன்றை 1:32 இல் செய்துகொண்டிருந்தேன். ஹரிக்கேனின் உடலில் விமானியின் அறைக்குப் பின்னுள்ள பகுதி உலோகத் தகடு அல்ல. மரச் சட்டங்களின் மேல் லினன் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்னும் திரவத்தைப் பல தடவை பூசி இறுக்கியது. என் பெட்டியைத் தயாரித்தவர்கள் அந்தப் பகுதி முழுவதிலும் சாக்கு நெய்ததைப் போன்ற குறுக்கு நெடுக்குக் கோடுகளைப் பதித்திருந்தார்கள். துணி என்று தெரிகிறதே என்று எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் மாமா ஐம்பது வருடமாகக் கைத்தறியில் இருப்பவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பகுதியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது உண்மையானதை விட எத்தனை மடங்கு சிறிது என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். அவர் மனக்கணக்கில் வல்லவர். "அங்குலத்துக்கு அறுபது இழை ஓடுற புடவையை முப்பத்திரண்டு மடங்கு சின்னதாக்கினா, ஒரு அங்குலத்துக்கு ரெண்டாயிரம் இழைக்குக் கிட்ட வரும். அதைக் கண்ணால காண ஏலுமா? இதுல இழை தெரியிதெண்டா, அந்தப் பிளேனுக்குக் கயித்தாலதான் துணி நெஞ்சிருக்கோணும்" என்றார்.

டோப் பூசும் விடயத்தைச் சொன்னபோது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாவுக்குக் கஞ்சி போடுவதைப் போன்றது என்றார். காய்ந்தால் இழைகளுக்கிடையிலுள்ள கண் அடைபட்டு, மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். அத்துடன் இன்னொன்றையும் காட்டினார். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளியில் துணி பள்ளமாகத் தொய்வதைப் போலப் பெட்டியில் வார்க்கப்பட்டிருந்தது. இழுத்துக் கட்டி இறுக்கிய துணி, கொடியில் காயும் சாரத்தைப் போலத் தொய்யாது. சட்டம் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய மேடு தெரியும், அவ்வளவுதான்.

1000 ஆம் இலக்க அரத்தாளைத் தண்ணீரில் தோய்த்து மூன்று நாள் தேய்த்தேன். நெசவு முழுவதும் போனது, சட்டத்தின் மேடுகள் மட்டும் நின்றன. மண்பழுப்பும் கரும்பச்சையுமான உருமறைப்பு நிறத்தை அடித்து முடித்த பிறகு பார்த்தால், முன்பாதி தகடாகவும் பின்பாதி துணியாகவும் தெரிகிறது; எதனால் அப்படித் தெரிகிறது என்று எவருக்கும் விரல் வைத்துச் சொல்ல முடிவதில்லை. பெட்டியோடு வந்த வார்ப்புக் கோடுகளை அழிப்பதற்கு மனம் வருவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் கடினமான பகுதி என்பது என் கருத்து, ஏனென்றால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

என்னுடையது சிறிய கதை. மார்கழி மழையில் 1:24 அளவு ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்குக் கரும்பச்சை லக்கர் அடித்தேன். சிறகு விரிவு நாற்பத்தேழு சென்ரிமீற்றர் வரும் என்பதால் பூச்சு வீணானால் சிறிய இழப்பாக இருக்காது. பத்து நிமிடத்தில் சிறகு முழுவதும் திருநீறு பூசியதைப் போல வெளுத்துவிட்டது. பூச்சைச் சுரண்டி எடுப்பதா என்று யோசித்தபடி பக்கத்துக் கார் பெயின்ற் கடைக்குப் போனேன். அங்கிருந்த காக்கா (அண்ணன்) சிறகை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். மழைநாளில் என்.சி. பெயின்ற் (நைட்ரோசெலுலோஸ் லக்கர்) அடித்த காரும் இப்படித்தான் வெளுக்குமாம். தின்னர் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரச் செய்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. அவர் மெதுவாகக் காயும் தின்னர் கொஞ்சம் ஊற்றித் தந்து, அதை மட்டும் பனி பெய்வதைப் போல மேலே விசிறச் சொன்னார். வெளுப்புக் கரைந்து, கரும்பச்சை திரும்பி வந்தது. கச்சான் காற்று வீசும் காலத்தில் இதற்கு நேர்மாறான துன்பம்: பூச்சு சிறகைத் தொடும் முன்னரே காய்ந்து மணல் போல ஒட்டும். அப்போதும் அதே தின்னர்தான் மருந்து. அன்று விலையும் பெட்டிக்கடைத் தேநீருக்குச் சற்றுக் கூடவாக இருந்தது, அவ்வளவுதான்.

வாழைச்சேனையிலிருந்து:

ஹெர்மிஸின் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அந்தக் கப்பல் தாக்கப்பட்டபோது அதன் மேல்தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதற்குரிய 814 ஆம் ஸ்குவாட்ரனின் சோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலையில் கரையில் நின்றன. விமானந்தாங்கிக் கப்பல் விமானமில்லாமல் மூழ்கியது என்பது என்னைப் பிடித்து ஆட்டியதால், அந்தக் கரையில் நின்றவற்றில் ஒன்றையே 1:32 இல் செய்தேன்.

சோர்ட்ஃபிஷ் இரட்டைச் சிறகு விமானம். மேற்சிறகுக்கும் கீழ்ச்சிறகுக்கும் இடையே கம்பிகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். அதற்கு எங்கள் கடற்கரையில் கிடைக்கும் மிக மெல்லிய தங்கூசியையே, அதாவது மீன்பிடி நைலோன் நரம்பையே, பயன்படுத்தினேன். ஒரு பக்கத்தை இறுக்கினால் மறுபக்கம் தொய்ந்தது. அதை இறுக்கினால் மேற்சிறகே முறுகியது. மூன்று தடவை அறுத்தெறிந்தேன். என் மாமனார் தோணித் தொழில் செய்தவர். நான்காம் தடவை கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாதே, நடுவிலிருந்து தொடங்கி இடம் ஒன்று வலம் ஒன்றாகப் போ, எதையும் முதலில் முழுதாக இறுக்காதே என்றார். அத்தனையும் ஓரளவு தொய்வாக ஒட்டிக் காய்ந்த பின்னர், அணைந்தும் அணையாத ஊதுபத்தியைத் தங்கூசிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சூட்டில் நைலோன் சுருங்கித் தானாகவே விறைத்தது. ஒரு முறை கை நடுங்கி ஒரு கம்பி உருகி அறுந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் அந்தக் கம்பிகள் உருண்டையானவை அல்ல. காற்றைக் கிழிப்பதற்காகத் தட்டையாகச் செய்யப்பட்டவை. உருண்டைத் தங்கூசி அந்த வகையில் பிழைதான். கூடப்பிறந்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, மாமனார் கண்டுபிடித்தார்: "இவ்வளவு கம்பியும் காத்துல கூவாதா?" என்று கேட்டார்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

என் கதையின் மீதியை எழுதுகிறேன். ஸீரோவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு 1:32 அளவு வால் விமானம் ஒன்றைத் தேடி வாங்கினேன். அதைப் பூசி முடிக்கும் கட்டம் 2022 இன் பங்குனியில் வந்து சேர்ந்தது. ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். பூச்சு விசிறும் கருவியான எயார்பிரஷுக்குக் காற்றுத் தரும் கொம்பிரசர் வேலை செய்யாது. சைக்கிள் கடையில் காற்றடித்த பழைய கார் டயர் ஒன்றை உருட்டி வந்து, அதன் வால்விலிருந்து எயார்பிரஷுக்குக் குழாய் இழுத்து, வராந்தா வெளிச்சத்தில் அடித்தேன். ஒரு டயர்க் காற்றுக்கு ஒரு சிறகு முடிந்தது.

சித்திரை முடிவதற்குள் அதைக் கூடையில் வைத்து நாவலடிப் பெரியவரிடம் கொண்டுபோனேன். எண்பத்தெட்டு வயது, கண் கொஞ்சம் மங்கியிருந்தது. விமானியின் அறையில் நான் வைத்திருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளையோ, எஞ்சினுக்கு மெல்லிய செப்புக் கம்பியால் இழுத்த வயர்களையோ அவர் பார்க்கவே இல்லை. வாங்கிய கையோடு விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் அதைக் கண்டது கீழேயிருந்து அல்லவா? சப்பாத்துகளை விரலால் தடவிச் சரி என்றார். பிறகு வயிற்றின் நடுவில் நான் ஒட்டியிருந்த 250 கிலோக் குண்டைத் தொட்டு, "இத வைக்காத, மனே. இஞ்சால கிறுகக்குள்ள அதுல ஒண்டும் இல்ல" என்றார்.

மாதிரி செய்யும் எவரும் கீழ்ப்புறத்தைக் கவனிப்பது குறைவு. மேசையில் வைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? நானும் அங்கே ஒரே சாம்பல் நிறத்தை அடித்து, சிவப்பு வட்டங்களை ஒட்டி நிறுத்தியிருந்தேன். வீடு திரும்பிக் குண்டைக் கழற்றினேன். அதைச் சுழல்விசிறியில் படாமல் வெளியே வீசிவிடும் கவைக்கம்பு மட்டும் வெறுமையாகத் தொங்குகிறது. செங்குத்தாகப் பாயும்போது வேகத்தைப் பிடிக்கும் தடுப்புப் பலகைகளைத் திரும்பவும் வெட்டி, கீல்களைக் கம்பியில் செய்தேன். எஞ்சினிலிருந்து வயிற்றின் வழியே பின்னுக்கு ஓடும் எண்ணெய்க் கறையை, பழுப்பு மையை மிகவும் மெல்லியதாகக் கரைத்து நான்கு இரவுகளில் படை படையாக இழுத்தேன்.

இப்போது அது மேசையில் இல்லை. வாழைச்சேனை அன்பர் குறிப்பிட்ட அதே தங்கூசியில், முன்கூடத்துக் கூரையிலிருந்து தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் தொங்குகிறது. மின்விசிறியை இரண்டாம் இலக்கத்துக்கு மேல் வைத்தால் சுழலத் தொடங்கிவிடுகிறது என்பதால், வெயில்காலத்தில் வீட்டில் இதுபற்றிச் சண்டை வருகிறது.