டர்போ நட் திரும்பத் திரும்ப இளகுது: லொக்டைட்டா, புது ஸ்டட்டா?

வாழைச்சேனை லொறி:
செங்கலடியால பதுளை ஏறி வெலிமடையில மரக்கறி ஏத்துற டீசல் லொறி. எஞ்சினுக்குக் காத்தை அமுக்கி அனுப்புற டர்போவை, புகை வெளிய வாற மெனிபோல்டோட பிடிக்கிற ஸ்டட்டில (தலையில்லாத புரிக் கம்பி) போட்ட நாலு நட்டும் ஒரு மாதம் தாங்குதில்ல. ரெண்டுக்கும் இடையில வைக்கிற கேஸ்கட் ஓரத்தால கரி அடிக்குது, ஏத்தத்தில இழுவை இல்ல. இறுக்கினா சரியாகுது, மறுகா அதே பிரச்சினை. ஸ்ப்ரிங் வாசர் போட்டுத்தான் கிடக்கு. என்ன செய்யலாம்?

கல்முனை கராஜ்:
தம்பி, புரியில சிவப்பு லொக்டைட் பசை விட்டு நீட்டுப் பிடி போட்ட சாவியால இறுக்குங்க. கியர்பொக்ஸ் போல்ட்டுக்கெல்லாம் அதைத்தான் போடுறம், ஒண்டும் அசையிறதில்ல.

களுவாஞ்சிக்குடி லேத்:
கியர்பொக்ஸும் டர்போவும் ஒண்டில்ல அண்ணன். சிவப்பு லொக்டைட் போட்ட போல்ட்டைக் கழட்டவே 250 பாகைக்குச் சூடாக்கச் சொல்லுறாங்க. லோட் ஏத்தி மலை ஏறக்க டர்போவுக்குள்ள போற புகை 600 பாகைக்கு மேல. டர்போவும் மெனிபோல்டும் முட்டுற அந்தப் பிளேஞ்சில லொக்டைட் எப்படி நிக்கும்? நைலோன் லொக் நட்டும் உருகிப் போகும்.

தம்பி, அந்த ஸ்ப்ரிங் வாசரைக் கழட்டிப் பாருங்க. தட்டையாக் கிடக்கும். சூட்டில அதின்ட விசை செத்துப் போயிரும். மறுகா பழைய ஸ்டட்டையும் புது ஸ்டட்டையும் புரிக்குப் புரி சேத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்க. நடுவில வெளிச்சம் தெரிஞ்சா ஸ்டட் இழுபட்டுப் போச்சு. நீட்டுச் சாவியால இறுக்க இறுக்க அது இன்னும்தான் இழுபடும்.

அக்கரைப்பற்று கடற்கரை:
எங்கட பக்கம் உப்புக் காத்து. இரும்பு ஸ்டட் துருப்பிடிச்சு, கழட்டப் போனா முறியுது. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா ரெண்டு பிரச்சினையும் தீராதா?

களுவாஞ்சிக்குடி லேத்:
துரு தீரும் காக்கா, பிடி போயிரும். கடையில வாங்குற 304 ஸ்டெயின்லெஸ், வார்ப்பிரும்பை விட சூட்டுக்குக் கூட நீளும். 30 மில்லிமீட்டர் பிடிக்கிற போல்ட், 500 பாகை சூடேறினா, பிளேஞ்சை விட 0.09 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட நீளும். அந்த நீளப் போல்ட்டை நல்லா இறுக்கக்க அது இழுபடுறதே 0.06 அளவுதான். அப்ப சூட்டில பிடிக்க என்ன மிச்சம்? போல்ட் முறியாம, நட் கழராமலே டர்போ ஆடும். எஞ்சின் கம்பனி குடுக்கிற, சூடு தாங்குற ஸ்டட்டையே வாங்குங்க. உப்புக் காத்துக்கு, புரியில செப்புக் கிறீஸ் பூசுங்க.

கல்முனை கராஜ்:
கிறீஸ் பூசினா வழுக்கிக் கழராதா? அதுக்குத்தானே புரியைக் காயத் துடைச்சிட்டுப் போடுறம்.

களுவாஞ்சிக்குடி லேத்:
காய்ஞ்ச புரியில நீங்க குடுக்கிற விசையில பெரும்பங்கு உராய்வுக்கே போயிரும். கிறீஸ் போட்டா அதே விசைக்கு ஸ்டட் கூட இழுபடும், அதனால டோர்க்கை (இறுக்குற முறுக்கு விசையை) குறைக்க வேணும். நட் கழராம இருக்க, அதின்ட பக்கத்தில மடிக்கிற லொக் தகடு போடுங்க. கம்பனியே அதோடதான் அனுப்புற எஞ்சின் கனக்க இருக்கு.

சம்மாந்துறை வட்டை:
இதெல்லாம் கராஜில நிக்கிற லொறிக்குச் சரி. வெள்ளாமை வெட்டு நேரம் வெட்டு மெஷினை நிப்பாட்ட ஏலுமா? நாங்க காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கக்க ஒருக்கா சாவி வைச்சு இறுக்கிட்டு வயல் வட்டைக்குள்ள இறங்குறம். செலவில்லாத வழி அதுதான்.

களுவாஞ்சிக்குடி லேத்:
வெட்டு முடியுமட்டும் அப்படி ஓட்டுறது விளங்குது. ஆனா அந்த மெஷினைச் சுத்திக் காய்ஞ்ச வைக்கல் தூசு. கேஸ்கட்டால அடிக்கிற புகையில நெருப்புப் பத்தினா மெஷினும் போகும், வயலும் போகும். கரி அடிச்ச அடையாளம் கண்டா அண்டைக்கே நிப்பாட்டுங்க.

சம்மாந்துறை வட்டை:
நெருப்புக் கதை சரி, ஒத்துக்கொள்றன். காலையில இறுக்குறதை விட மாட்டன்.

வாழைச்சேனை லொறி:
கழட்டிப் பாத்தன். வாசர் தட்டை, ரெண்டு ஸ்டட் இழுபட்டிருக்கு. பிளேஞ்சில நேர்க்கட்டை வைச்சா நடுவில பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழையுது. டர்போவுக்குக் கீழ வாற தாங்கு பிராக்கெட்டும் இல்ல, ஆரோ முந்தியே கழட்டிட்டாங்க.

களுவாஞ்சிக்குடி லேத்:
அதுதான் விஷயம். டர்போவின்ட முழுப் பாரமும் அந்த நாலு ஸ்டட்டிலதான் தொங்கி அதிருது. பிளேஞ்சை லேத்தில முகம் எடுத்து மட்டமாக்குங்க, ஸ்டட் நாலையும் கேஸ்கட்டையும் மாத்துங்க, பிராக்கெட் தேடிப் போடுங்க. முதல்ல பிராக்கெட்டை இளக்கமா மாட்டி, டர்போ நட் நாலையும் குறுக்கால மாறி மாறி இறுக்கினாப் பிறகு பிராக்கெட்டை இறுக்குங்க. முந்தி இறுக்கினா அது டர்போவை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். ஒருக்கா ஓடி, நல்லா ஆறினாப் பிறகு டோர்க் பாத்திட்டுத் தகட்டை மடியுங்க.