லிஃப்டை மாற்றுவதற்கு முன் கதவைப் பாருங்கள்

எங்கள் அடுக்ககம் மேற்கு மாம்பலத்தில், எண்பதுகளில் கட்டியது. மடக்குக் கதவு வைத்த பழைய லிஃப்ட். சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து "லிஃப்ட் நின்றுவிட்டது" என்ற தொலைபேசிதான் எனக்குச் சுப்ரபாதம். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களோ ஒவ்வொரு முறையும், "மொத்தமாக மாற்றிவிடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடைசியில் வெளியிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கை வரவழைத்தோம். உதவியாளனை மொட்டை மாடி இயந்திர அறைக்கு அனுப்பிவிட்டு, அவர் மாடி மாடியாகக் கதவுகளை மூடி அசைத்துப் பார்த்தார். மூன்றாம் மாடியில் அசைத்ததும் மேலிருந்து குரல் வந்தது: "ரிலே விழுகிறது அண்ணே!" ரிலே என்பது மின்சுற்று அறுந்தால் விலகிக்கொள்ளும் சுவிட்ச். எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தால்தான் மின்சுற்று முழுமையாகும், அந்தப் பூட்டின் தொடுமுனை கறுத்துத் தேய்ந்திருந்தது. அதை மாற்றினார். கதவுத் தடத்தைச் சுரண்டியபோது கோலப்பொடி, மல்லிகைக் காம்பு, ஒரு ஐம்பது பைசா நாணயம் எல்லாம் வந்தன. மோட்டாரும் கியர்பெட்டியும் இன்னும் பழையவைதான். கம்பிவடத்தை மட்டும் மாற்றச் சொன்னார், மெலிந்துவிட்டதாம். அதில் நாங்கள் பேரம் பேசவில்லை.

*

நான் லிஃப்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியிருக்கும் செயலாளர் சார் சொன்ன அதே கதவுப் பூட்டை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று கையெழுத்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. லிஃப்ட் ஓடும், ஆனால் கதவு திறந்திருந்தாலும் ஓடும். அது கொலைக்குச் சமம். பழுது பார்த்த பிறகு கதவைத் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். வெளியே நின்றபடி, யாரும் உள்ளே இல்லாதபோது. நகர்ந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. மின்சாரம் போய் நடுவில் நின்ற லிஃப்டில் ஒரு பாட்டி மாட்டிக்கொண்டார். மெயினை அணைத்து, பிரேக்கைக் கையால் தளர்த்தப் போனேன். "ஐயோ, கீழே விழுந்துவிடும்!" என்று வராண்டாவில் ஒரே கூச்சல். லிஃப்ட் மெல்ல மேலே ஏறியது. கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, கூண்டின் எடையோடு அது சுமக்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து வைத்தது. உள்ளே ஒருவர் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம்தான் கனம். பாட்டி இறங்கியதும் கேட்டது, தன் காய்கறிப் பை எங்கே என்று.

*

மழைநீர் தேங்கும் வேளச்சேரிக்காரர்களுக்கு ஒன்று: ஐப்பசி மழைக்கு முன்பே லிஃப்ட் குழியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் கூண்டை மேல்மாடியில் நிறுத்தி, மெயினை அணைத்துவிடுங்கள்.